சுத்தம் செய்த காதுகள்

காது என்று மட்டும் கேட்டிருக்கலாம். சுத்தமாக வேண்டும் என்று எதற்குச் சொன்னேன்? சொன்னதுதான் சொன்னேன், எந்த அர்த்தத்தில் சொல்கிறேன் என்றாவது விளக்கியிருக்கலாம். சுத்தம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். படித்த கழுதை.

கோட்டைமேட்டுச் சந்தில் ஷேக் பரீத்தின் ஆட்டுக்கறிக் கடை முன்னால் நின்றுகொண்டு பொற்கொடி தன்னைத் தானே இப்படி வைதுகொண்டிருந்தாள். காலை ஏழு மணி. கையில் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி. எதிரே பாய் பேசிக்கொண்டேயிருந்தார். அவர் வாய் அசைவது தெரிந்ததே தவிர, ஒரு வார்த்தையும் அவளுக்குள் இறங்கவில்லை.

அவள் வந்தது வேறொன்று கேட்பதற்காக. கட்டுரையை வாங்கிய ஆய்விதழ் கேட்டிருந்தபடி, ஆடு என்ன இனம், என்ன வயது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. துடியலூருக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. முப்பத்தோரு வயது. ஐந்து வருடமாக ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நம் உடம்புக்குள் ஒரு நொதி இருக்கிறது; வெயிலும் புகையும் தோலைத் தின்றுவிடாமல் காவல் காப்பது அது. நீளமான பெயர். லேபில் எல்லோரும் எஸ்.ஓ.டி. என்பார்கள். அதை வெளியிலிருந்து களிம்பாகப் பூசினால் தோல் உள்ளே விடுவதில்லை. நொதி பெரியது. தோலின் மேலடுக்கோ நெருக்கிக் கட்டிய செங்கல் சுவர் மாதிரி. செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி கொழுப்பு. அந்தக் கொழுப்பைக் கொஞ்ச நேரத்துக்கு இளக்கிவிடுகிற ஒரு செடிப்பொருள் இருந்தால் நொதி உள்ளே போகுமா? அவள் எடுத்துக்கொண்டது நீலகிரித் தைலத்திலிருந்து பிரித்த சினியோல். மனிதத் தோலுக்குப் பதிலாக ஆட்டுக் காது.

துடியலூரில் எந்தக் கறிக்கடைக்காரரும் காதை மட்டும் அறுத்துத் தர ஒப்பவில்லை. தலை வாங்குகிறவர்கள் காதோடு கேட்பார்கள். பாய் ஒருவர்தான் கேட்டதும் சிரித்துக்கொண்டே சரி என்றவர். "காதெங்க பாய்னு எவனாச்சும் கேட்டா, சொல்பேச்சுக் கேக்காத ஆடுங்க, அதான் அறுத்துப்போட்டேன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

இன்றைக்கும் கேட்டதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொன்னார். வெள்ளாடு. எட்டு மாதம், பத்து மாதம். அதற்கு மேலே போனால் கறி முத்திவிடும். அவள் எழுதிக்கொண்டாள். அப்போதுதான் அவர் சொன்னார்:

"அதெல்லாம் எழுதறீங்க. எங்க ஊட்டுக்காரங்க பேரையும் ஒரு ஓரமா எழுதுங்கம்மா. அந்தக் காத சுத்தம் பண்ண அவங்க படற பாடு உங்களுக்கென்ன தெரியும்?"

"என்ன பாடுங்க பாய்? சவரம் பண்றதுதானுங்களே?"

"சவரமா! ஏனுங்க, இங்க வாங்க. டாக்டரம்மா என்ன கேக்கறாங்க பாருங்க."

உள்ளேயிருந்து பாயின் மனைவி ஹபீபுன்னிசா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தலையும் காலும் சுத்தம் செய்கிற வேலை முழுக்க அவளுடையது. பொற்கொடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சவரம் பண்ணுனா வேர் நிக்குமல்ல கண்ணு? தொட்டுப் பாத்தா சொரசொரங்கும். மொதல்ல மயிரோடதான் குடுத்தோம். ரம்சான் முடிஞ்சு வந்தப்ப நீதான் சொன்ன, இனிமே சுத்தமா குடுங்கன்னு. பொறவு விடுவனா? கொதிக்கிற தண்ணில முக்கி, எண்ணி அம்பது. எடுத்துக் கத்தில ஒரு வழி. மேல மெல்லிசா ஒரு சவ்வு வரும், மயிரு அதோட சேந்து ஓடியாந்துரும். கண்ணாடியாட்டம் ஆயிரும். தலைக்கறிக்குன்னா மஞ்சப் பூசி நெருப்புல வாட்டுவேன். நீ மஞ்ச வேண்டாம், வாட்ட வேண்டாம்னு சொன்னதால அதுல நான் கையே வெக்கல."

சவ்வு என்ற சொல்லில் பொற்கொடியின் பேனா நின்றது. அந்தச் சவ்வுதான் சுவர். ஐந்து வருடமாக அவள் தாண்டப் பார்த்த சுவர். அதைக் கத்தியால் வழித்துச் சாக்கடையில் விட்டுவிட்டு, சுவர் இல்லாத தோலை ஒவ்வொரு வாரமும் வாழை இலையில் மடித்து, பிரியமாக, அவள் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வாட்ட வேண்டாம் என்று முதல் நாளே சொன்னவள் அவள்தான். அவள் வீட்டில் ஆட்டுத்தலை வாங்கினால் நெருப்பில்தான் வாட்டுவார்கள். அதனால் நெருப்பைப் பற்றி யோசித்தாள். தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை.

"மூஞ்சி ஏன் கண்ணு இப்புடிச் சுண்டிப்போச்சு? ஏதாச்சும் தப்பாயிருச்சா?"

"இல்லீங்க. நெம்ப சுத்தமா இருந்துச்சுங்க. அதத்தான் சொல்ல வந்தேன்." பொற்கொடி பெட்டியின் மூடியைத் திறந்தாள். "இன்னைக்கு ரெண்டு காது எப்பவும் போலக் குடுங்க. இன்னும் ரெண்டு காது ஒண்ணுமே பண்ணாமக் குடுங்க. தண்ணிகூட ஊத்தாம."

"மயிரோடவா? திரும்பவும் அழுக்காவா?" ஹபீபுன்னிசாவுக்கு மனம் வரவில்லை. "என்ன படிப்போ போ."

பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி நின்று நின்று போயிற்று. அவள் மனமோ ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

முதல் சோதனைகளை ரம்சானுக்கு முன்னால் செய்திருந்தாள். தைலம் இல்லாமல் நொதி மட்டும் வைத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்கிற ஒப்பீட்டுச் சோதனை. அந்தக் காதுகள் மயிரோடு வந்தவை. கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கி, மூக்கில் மயிர் ஏறித் தும்மித் தும்மி, அரைநாள் போகும். அதில் நொதி கிட்டத்தட்ட ஒன்றுமே இறங்கவில்லை. அப்புறம் வந்தவை வழுவழுவென்ற காதுகள். அவற்றில் தைலத்தைச் சேர்த்து வைத்தாள். நொதி கொட்டுகிற மாதிரி இறங்கியது.

ஒப்பீட்டையும் புதுக் காதில் மறுபடி செய்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்டாள். கேட்காமலில்லை. வழிகாட்டி வரலட்சுமி மேடம், "கன்ட்ரோல்தான் இருக்குதல்ல கண்ணு. அதே ஆடு, அதே கடை. நொதி இருக்கற வெலைக்கு எதுக்கு வீணாக்கணும்?" என்றார். சரிங்க மேடம் என்றாள். சரிங்க என்று சொன்னபோது மனதில் ஓர் ஆறுதல் வந்ததே, அதைத்தான் இப்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி செய்ய வேண்டியதில்லை என்ற ஆறுதலா அது? செய்தால் என்ன வந்துவிடுமோ என்ற பயம் அடங்கிய ஆறுதலா? புதுக் காது வெளுத்திருந்தது. லேசாகப் பளபளத்தது. இடுக்கியில் எடுத்தால் துவண்டது. கை அறிந்திருக்கிறது. நோட்டில் மட்டும் 'மிகச் சுத்தமான தோல்' என்று எழுதியிருக்கிறாள்.

நொதியின் அளவைக் காட்டும் வரைபடக் கோடு முதன்முதலாக மேலே ஏறிய மத்தியானம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. லேபில் யாரும் இல்லை. அவள் சத்தம் போடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டது, உள்ளே போய்விட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். எது உள்ளே போனதற்கு அப்படி அழுகை வந்தது என்று அன்றைக்கு அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

வரலட்சுமியிடம் வருவதற்கு முன் மூன்று பேராசிரியர்களைப் பார்த்தவள் அவள். மூவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்த ஊருங்க என்றார்கள். கோபிங்க. கோபியில எங்கீங்க? கிராமத்தின் பேரைச் சொன்னாள். அங்க எந்தப் பக்கங்க? அதையும் சொன்னாள். அதற்கப்புறம் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். வரலட்சுமி எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. "எம்.எஸ்ஸி. ஆய்வேட்ட எடுத்துட்டு வா அம்மணி, படிச்சுப் பாக்கறேன்" என்றார். முழுக்கப் படித்து, பென்சிலில் திருத்திக் கொடுத்தார். கூட ஆராய்ச்சி செய்த ஒருத்தி ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தானா உள்ள போகாதவங்கள உள்ள அனுப்ப மேடம் ஒரு தைலம் வெச்சிருக்காங்க, இல்லீங்களா பொற்கொடி?" எல்லோரும் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை; லேபில் அவள் மட்டும் இருந்தாள். நான்கு கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே வட்டமாக வெட்டிய தோல். மேலே நொதி, கீழே உப்புநீர். ஹபீபுன்னிசா வழித்த தோலில் ஒன்றுக்குத் தைலம் சேர்த்தாள், ஒன்றுக்குச் சேர்க்கவில்லை. மயிரோடு வந்த தோலை முன்போல நறுக்கி, அதிலும் ஒன்றுக்குச் சேர்த்து ஒன்றுக்குச் சேர்க்காமல் வைத்தாள். மணிக்கொரு தடவை கீழறையிலிருந்து கொஞ்சம் எடுத்து அளந்தாள்.

மத்தியானத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது. வழித்த தோலில் தைலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதி ஒரே மாதிரி கொட்டியது. வழிக்காத தோலில் தைலம் போட்டும் ஒன்றும் பெரிதாக இறங்கவில்லை. ஒரு துளி வித்தியாசம் இருந்த மாதிரி இருந்தது. அது உண்மையா, கை நடுக்கமா என்று சொல்ல இன்னும் நூறு காது வேண்டும்.

சாயங்காலம் வரைக்கும் அவள் நம்பாமல் அளந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வரலட்சுமியின் அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வருகிற மார்ச்சோடு அவருக்குப் பணி ஓய்வு. அறையில் பாதி அலமாரி காலியாகியிருந்தது. புத்தகங்களைத் தேங்காய்நார்க் கயிற்றில் கட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். முப்பத்திரண்டு வருடப் பணியில் வெளிநாட்டின் பெரிய ஆய்விதழ் எதுவும் அவருடைய கட்டுரையைப் போட்டதில்லை. பொற்கொடியின் முடிவுகளை வைத்து இருவரும் எழுதியனுப்பிய இந்தக் கட்டுரையைத்தான் போடுவதாக இருந்தது. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டு அனுப்பியிருந்தார்கள். ஆட்டின் இனமும் வயதும் முதல் கேள்வி. எல்லாத் தோலும் ஒரே முறையில் தயாரிக்கப்பட்டவையா, மேலடுக்கு சிதையாமல் இருந்ததைச் சரிபார்த்தீர்களா என்பது இரண்டாவது. மூன்றாவது ஏதோ எழுத்துப்பிழை.

"யாருக்கெல்லாம் தெரியும்?" வரலட்சுமி மெதுவாகக் கேட்டார்.

"எனக்குங்க. இப்ப உங்களுக்குங்க."

"அந்தக் கசாப்புக்கடைக்காரம்மாவுக்கு?"

"அவங்களுக்கு எதுவும் தெரியாதுங்க மேடம். நல்லா சுத்தம் பண்ணிக் குடுத்ததா நெனச்சுட்டிருக்காங்க."

வரலட்சுமி சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. "ஒரு பானை வெந்நீரு" என்றார். "அஞ்சு வருசத்த ஒரு பானை வெந்நீருல முக்கி வழிச்சுப்போட்டா அந்தம்மா." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "நீ போ கண்ணு. நான் ரோசனை பண்ணிச் சொல்றேன்" என்றார்.

அன்றைக்கு மேடம் கோபித்திருந்தால் பொற்கொடிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை ரம்ஷாவிடமிருந்து செய்தி வந்தது. ரம்ஷா ஈரோட்டில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கிற பெண். போன ஆகஸ்டில் ஒரு கருத்தரங்கில் பொற்கொடி ஒட்டியிருந்த ஆய்வுச் சுவரொட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவள். தானும் சினியோல் வாங்கி அதே சோதனையைச் செய்வதாக அப்போதே சொன்னாள். இடையிடையே ஏதாவது சந்தேகம் கேட்பாள்.

'அக்கா, நாலு மாசமா செய்யறேன். எனக்கு மட்டும் உள்ளே போகவே மாட்டேங்குதுக்கா. உங்க முறைப்படியேதான் செய்யறேன். எங்க சார் உனக்குக் கை சரியில்லைங்கறாரு. வேற தலைப்பு மாத்திக்கச் சொல்றாரு. நான் எங்க தப்புப் பண்றேன்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கக்கா.'

கூடவே ஒரு படம். குடுவையில் வைத்த காதுத் தோல். பொற்கொடி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கருத்த, மங்கின, பளபளப்பில்லாத தோல். மயிர்க்கால்கள் புள்ளி புள்ளியாக. ஒரு கீறல் இல்லை. இத்தனை ஒழுங்காக நறுக்கின தோலை அவளே ஒரு நாளும் எடுத்ததில்லை. கை சரியில்லாதவளின் கை அது.

பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள். மறுபடி எழுதினாள். 'நீ எதுவும் தப்பாகச் செய்யவில்லை' என்று எழுதி, அதையும் அழித்தாள். அதை அனுப்பினால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு குடுவைகளைக் கழுவப் போனாள். கழுவும்போது அந்தப் பெண் இப்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு விடவில்லை. பதில் வராததையும் தன் தப்பென்றே எடுத்துக்கொள்கிற வயது.

அன்று சாயங்காலம் வாடகை வீட்டுச் சமையலறையில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அம்மா சின்னாத்தாள் ஊரிலிருந்து போனில் கூப்பிட்டாள். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எந்தப் பேச்சையும் நேராக ஆரம்பிக்க மாட்டாள். உடம்பு, மழை, அப்பாவின் முழங்கால் எல்லாம் பேசி முடித்தாள். அப்பா வேலுமணி கோபியில் ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பறம் கண்ணு, நல்ல போட்டா ஒண்ணு எடுத்து அனுப்பு. பிளெக்சுக்காரன் கேக்கறான்."

"எதுக்கும்மா பிளெக்ஸு?"

"எதுக்கா? நம்ம காலனிக்கு மொத மொதல்ல டாக்டரு நீதானே. உங்கப்பன் வாசகமெல்லாம் எழுதிக் குடுத்துப்போட்டாரு. சிரிச்ச மாதிரி எடு. போன தடவ அனுப்புனது எழவு ஊட்டுக்கு வந்தவளாட்டம் இருக்குது."

"இன்னும் முடியலம்மா. எதுவும் அடிக்க வேண்டாம்னு சொல்லு."

"மார்ச்சுல முடியும்னு நீதானே சொன்ன?"

பொற்கொடி குக்கரை மூடினாள். "சொன்னேன்" என்றாள்.

கணவன் கதிர் வேலையிலிருந்து வந்து, கை கழுவிக்கொண்டே அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டான். ஒரு பம்பு கம்பெனியில், இரும்பை இம்மி பிசகாமல் கடைகிற சி.என்.சி. எந்திரம் ஓட்டுகிறவன். அளவு என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒரு வரிதானே எழுதச் சொல்லுவாங்க" என்றான். "எல்லாத் தோலும் ஒரே மாதிரின்னு."

"ஒரே மாதிரி இல்லீங்களே."

"எங்க கம்பெனில இல்லாததா? நூறு பீசுல ரெண்டு ரிஜக்டு கலந்துதான் போகும். சூப்பர்வைசரே போடுடாம்பான்."

"அந்த ரெண்ட வாங்குனவன் என்ன பண்ணுவான்?"

"திருப்பிக் கொண்டாந்து சண்ட கட்டுவான். மாத்திக் குடுப்போம்."

"ஈரோட்டுல ஒரு புள்ள நாலு மாசமா வெச்சுட்டு அழுதுட்டிருக்குது. அதுக்கு யாருங்க மாத்திக் குடுப்பாங்க? அதுக்குச் சண்ட கட்டவும் தெரியல. தன் கைதான் ஆகலன்னு நெனச்சுட்டிருக்குது."

கதிர் துண்டால் முகத்தைத் துடைத்தான். நீண்ட நேரம் துடைத்தான். "நான் கம்பெனில எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன் கொடி" என்றான். "எங்க ஊட்ல டாக்டருன்னு. ஒருத்தன் முதுகு வலிக்கு மாத்திரை கேக்கறான்." சிரிக்கப் பார்த்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள். சாப்பாடு ஆகிவிட்டது, இரண்டு பேரும் டிவி போடாமல் சாப்பிட்டார்கள். அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததில் அவனுடைய விருப்பம் எது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவன்மேல் அவளுக்கு வருத்தம் வரவில்லை. அதே விருப்பம் அவளுக்குள்ளும் ஒரு மூலையில், சாப்பிட உட்கார்ந்த மாதிரி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரலட்சுமி கூப்பிட்டனுப்பினார். பதில் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஒரு பக்கம். கட்டுரையின் முதல் பெயர் பொற்கொடியுடையது என்பதால் கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"உக்காரு கண்ணு. படி."

படித்தாள். எல்லாத் தோலும் ஒரே கடையிலிருந்து, ஒரே முறையில் மயிர் நீக்கிப் பெறப்பட்டன. மேலடுக்கு சிதையாமல் இருந்தது சரிபார்க்கப்பட்டது. வேறெந்த விளக்கமும் இல்லை. நல்ல ஆங்கிலம். மேடம் எப்போதும் நல்ல ஆங்கிலம் எழுதுவார்.

"சரிபாக்கலீங்களே மேடம்."

"நீ ஞாயித்துக்கெழம பாத்தது நாலே காது. நாலு குடுவை. நாலு காத வெச்சுட்டு அஞ்சு வருசத்தப் பொய்யிங்கறயா? நம்ம மாணவங்க யாராச்சும் நாலு குடுவையோட வந்தா நாமளே திருப்பி அனுப்ப மாட்டோமா?"

"அனுப்புவோமுங்க. அதனாலதான் இன்னும் செஞ்சு பாக்கலாங்க மேடம். வழிக்காத தோலு வெச்சு முழுசாத் திரும்பப் பண்ணலாம். ஒரு துளி வித்தியாசம் தெரியற மாதிரி இருக்குதுங்க. அது நெசமா இருந்தா..."

"எத்தன நாளு?"

"ஒண்ணரை வருசங்க."

"நான் மார்ச்சுல போயிருவேன்."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. வரலட்சுமி கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்தார். கண்ணாடி இல்லாதபோது அந்த முகம் வயதாகித் தெரிந்தது. இமைக்குக் கீழே தோல் மெலிந்து, நீல நரம்பு ஓடியது.

"எனக்கப்பறம் உன்ன யாரு எடுத்துக்குவாங்கன்னு நெனைக்கற?" என்றார்.

மிரட்டிச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. உண்மையாகவே பயந்து, இந்தப் பெண்ணை எங்கே விட்டுப் போவது என்று தெரியாமல், சொந்தப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எடுக்காத பேச்சு அது. எந்தப் பக்கம் என்று கேட்காதவர், கேட்காமலே எல்லாம் தெரிந்து வைத்திருந்தார் என்பது பொற்கொடிக்கு இப்போதுதான் உறைத்தது. நன்றியும் அவமானமும் ஒன்றாகக் கிளம்பின. எது எது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"யாரும் எடுக்க மாட்டாங்கதானுங்க" என்றாள்.

"தெரியுதல்ல? அப்பறம்? இந்தக் களிம்ப நாளைக்கே யாரும் பூசிக்கப் போறதில்ல. பத்து வருசம் ஆகும். அதுக்குள்ள எவனாச்சும் செஞ்சு பாத்து, இல்லன்னு எழுதுவான். அறிவியல் தானா தன்னச் சரி பண்ணிக்கும் கண்ணு. நீ ஒருத்தி அதுக்காக ஊட்டுக்குப் போக வேண்டியதில்ல."

எவனாவது. பொற்கொடி அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவனாவது என்பதற்கு ஒரு முகம் இருந்தது. இருபத்திரண்டு வயது. தலையில் முக்காடு. ஈரோட்டில் ஏதோ ஒரு லேபில், கீறல் விழாமல் தோலை நறுக்கிவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம். அவள் இல்லையென்று எழுத மாட்டாள். அதற்கு முன்பே தலைப்பை மாற்றிக்கொண்டு, வாழ்நாள் முழுக்கத் தன் கை ஆகாத கை என்று நம்பிக்கொண்டிருப்பாள்.

"நான் உனக்கு எப்பவாச்சும் கெடுதல் சொல்லியிருக்கறனா பொற்கொடி?"

"இல்லீங்க மேடம். ஒரு நாளும் இல்லீங்க."

"அப்பறம் என்ன? போடு."

கடிதத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பொற்கொடி அதை எடுத்தாள். வரலட்சுமியின் தோள்கள் இளகின. அவள் கடிதத்தை நீளவாக்கில் ஒழுங்காக மடித்து, மேடத்தின் பக்கமாகவே திருப்பி வைத்தாள்.

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேனுங்க மேடம்."

குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கோபம் இல்லை அதில். வீம்பும் இல்லை. வரலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இப்ப எதும் சொல்லாத. ஊட்டுக்குப் போ. கதிர்கிட்டப் பேசு. நல்லா ரோசிச்சுட்டு நாளைக்கு வந்து சொல்லு."

"வாரேனுங்க" என்று பொற்கொடி எழுந்தாள். மேடம் சரி என்பதுபோலத் தலையசைத்தார். கதவு வரைக்கும் போனவள் திரும்பி நின்று, அதே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நாளைக்கும் இதேதானுங்க மேடம் சொல்லுவேன்."